மலிவு மோட்டலில் இறங்கியதும் ரூம் மோசம்: முதல் கால் மணி நேரத்தில் என்ன செய்யணும்?

#1 பாதசாரி_பீனிக்ஸ்

கோடை விடுமுறை வந்தாலே இந்தப் பகுதியில் ஒரே கேள்விதான் பத்துத் தலைப்பில் வருது. கிராண்ட் கேன்யன் போற வழி, ராத்திரி ஒன்பதரை, கதவைத் திறந்தால் சிகரெட் நாத்தம், ஏசியில் வெறும் காத்து, பணம் முன்கூட்டியே கட்டியாச்சு. இப்போ என்ன? ஐ-40 நெடுஞ்சாலை ஓரத்தில் அரிசோனாவின் கிங்மன், வில்லியம்ஸ், ஃபிளாக்ஸ்டாஃப், வின்ஸ்லோ, அடுத்து நியூ மெக்சிகோவின் காலப் என்று வரிசையாக, ரூட் 66 என்ற பழைய சாலையில் இருக்கும் மோட்டல்களை மனதில் வைத்து, எதைப் பார்க்கணும், யாரிடம் என்ன கேட்கணும், பணம் எப்படித் திரும்பும் என்பதை இங்கேயே சேர்த்து வைப்போம்.

முதல் விஷயம்: பெட்டியை இறக்காதீங்க. ஒருத்தர் சாவி வாங்கி ரூமைப் பார்க்கட்டும், மற்றவர்கள் காரிலேயே இருக்கட்டும். கட்டிலில் உட்காரக் கூடாது, பாத்ரூமைப் பயன்படுத்தக் கூடாது, டவலைப் பிரிக்கக் கூடாது. கை படாத ரூம் என்றால் அடுத்து வருபவருக்கு அப்படியே கொடுத்துவிடலாம். கை பட்டுவிட்டால் மறுபடி சுத்தம் பண்ணணும், அந்த நேரத்தில் ஹவுஸ்கீப்பிங் ஆள் இருக்க மாட்டார். மாற்று ரூமோ ரீஃபண்டோ கிடைப்பது பாதிக்குப் பாதி இதில்தான் இருக்கு.

#2 இரவுக்கணக்கு

கவுன்டருக்கு உள்ளே இருப்பவர்கள் பக்கத்தைச் சொல்றேன். ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் ஊழியருக்கு ரூம் மாற்ற அதிகாரம் உண்டு, பணம் திருப்பித் தர பெரும்பாலும் கிடையாது. அவரிடம் ரீஃபண்ட் கேட்டு அரை மணி நேரம் சண்டை போட்டால் "மேனேஜர் காலையில் வருவார்" என்பதுதான் பதிலாக வரும். அதனால் முதலில் மாற்று ரூம் கேளுங்க. குறையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்க: "புகை பிடிக்காத ரூம் புக் செய்தோம், இதில் சிகரெட் வாடை, வேறு ரூம் கொடுங்க." அவர் ரூம் நம்பரை உரக்கச் சொன்னால், தாளில் எழுதித் தரச் சொல்லுங்க. லாபியில் நிற்கும் எல்லாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

புக்கிங் தளத்தில் முன்பணம் கட்டியிருந்தால் நிலைமை வேறு. உங்கள் கார்டில் பணம் எடுத்தது அந்தத் தளம். மோட்டலுக்கு அவர்கள் கொடுப்பது ஒரு தற்காலிக விர்ச்சுவல் கார்டு எண். செக்-இன் அன்றைக்குத்தான் மோட்டல் அதில் பணம் எடுக்கும். ஆகவே மோட்டல் நினைத்தாலும் உங்கள் கார்டுக்கு நேராகத் திருப்பிப் போட முடியாது. தளம்தான் போடணும், ஆனால் மோட்டல் சம்மதித்தால்தான் போடும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் ஆட்கள் மாட்டிக்கிறாங்க. வழி: கவுன்டருக்கு எதிரிலேயே நின்று தளத்துக்கு ஃபோன் போடுங்க. அவர்கள் மோட்டலுக்கு அழைத்து "அபராதம் இல்லாமல் கேன்சல் செய்யலாமா" என்று கேட்பாங்க. எதிரில் நீங்கள் நிற்கும்போது "இல்லை" சொல்வது கடினம். கிளம்பிப் போய் மறுநாள் கேட்டால் "அவர் தங்கினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாங்க.

சம்மதம் சொன்னவரின் பெயர், நேரம் இரண்டையும் குறிச்சுக்கோங்க. முடிந்தால் பாக்கி பூஜ்ஜியம் என்று காட்டும் பில்லை அச்செடுத்து வாங்குங்க.

#3 பேட்டைமெக்கானிக்

"ஏசி வேலை செய்யலை" என்று சொல்வதில் பாதி, ஏசி கெட்டதால் இல்லை. ஜன்னலுக்குக் கீழே சுவரில் பதித்த நீளப் பெட்டிக்கு இந்தத் தொழிலில் பி-டேக் என்று பெயர். 42 அங்குல அகலம், 16 அங்குல உயரம். ஆள் இல்லாத நேரத்தில் மோட்டல்காரர் மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைத்து வைப்பார். மேற்கு பார்த்த ரூம், மாலை ஐந்து மணி, உள்ளே 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால், நல்ல மெஷினுக்கே குளிர முக்கால் மணி நேரம் பிடிக்கும். ரூம் குளிர்ந்ததா என்று பார்க்காதீங்க, மேல் கிரில்லில் வரும் காத்து குளிர்ச்சியா என்று பாருங்க. ஹை கூல் வைத்து ஐந்து நிமிஷத்தில், உள்ளே இழுக்கும் காற்றைவிட வெளியே தள்ளும் காத்து 15 முதல் 20 டிகிரி குறைவாக இருக்கணும். கையை வைத்தாலே தெரியும்.

காத்து வருது, குளிர் இல்லை என்றால் முதல் சந்தேகம் ஃபில்டர். முன்மூடியை அடியில் பிடித்து முன்னால் இழுத்தால் கழன்று வரும். பெரும்பாலான மாடல்களில் இரண்டு வலை ஃபில்டர் மேல்பக்கமாக உருவ வரும். பஞ்சுப் படலம் மூடியிருந்தால் காயிலில் (உள்ளே குளிரும் குழாய்ச்சுருள்) ஐஸ் கட்டும், அப்புறம் குளிரே வராது. ஐஸ் தெரிந்தால் கூலை நிறுத்தி வெறும் ஃபேனில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட விடுங்க. ஃபில்டரைக் குழாயில் கழுவி உதறிப் போட்டால் அன்றைய ராத்திரிக்கு ஓடும். ஆனால் ஒன்று: மெஷினை அணைத்துவிட்டுத் தொடுங்க, ஓரத் தகடுகள் விரலைக் கிழிக்கும்.

விளக்கே எரியாமல் செத்துக் கிடந்தால் பிளக்கைப் பாருங்க. தடிமனான பிளக்கில் டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பட்டன் இருக்கும். வயரில் மின்கசிவு வந்தால் அது தானாக டிரிப் ஆகும். ரீசெட்டை ஒருமுறை அழுத்துங்க. மறுபடியும் விழுந்தால் விட்டுவிடுங்க, அது வேறு ரூம் கேட்க வேண்டிய குறை.

ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக நின்றுபோகுதா? சில இடங்களில் அசைவை உணரும் சென்சாரோடு இணைத்திருப்பாங்க. தூங்கும்போது யாரும் அசைவதில்லை, ஆள் இல்லை என்று நினைத்து அணைத்துவிடும். கவுன்டரில் சொன்னால் அதை விலக்கி வைக்கத் தெரிந்தவர்கள் உண்டு.

#4 கோவைக்காரி

@பேட்டைமெக்கானிக் அண்ணா, சில பழைய மோட்டலில் பெட்டி மாதிரி ஒண்ணு, டிகிரி எண்ணே இல்லை, ஹை, லோ, பம்ப் என்று மட்டும் இருக்கே. போட்டால் ரூம் பூரா பிசுபிசுன்னு ஆயிடுது. அதுவும் ஏசிதானா?

#5 பேட்டைமெக்கானிக்

அது ஏசி இல்லைங்க, ஸ்வாம்ப் கூலர். நனைந்த பட்டைக்குள் வெளிக்காத்தை இழுத்து உள்ளே தள்ளும். அதுக்கு ஜன்னலை இரண்டு, மூன்று அங்குலம் திறந்து வைக்கணும். ஏசி என்று நினைத்து எல்லாவற்றையும் மூடினால் ஈரக்காத்து வெளியே போக வழியில்லாமல் படுக்கை விரிப்பே நமத்துப் போகும். போடும் முறை: முதலில் பம்பை மட்டும் ஐந்து நிமிஷம் ஓட விட்டுப் பட்டை நனையட்டும், அப்புறம் ஃபேன், கூடவே எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறங்க. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை அரிசோனாவில் மழைக்காலம். காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் இது எடுபடாது. அந்த மாதங்களில் புக் செய்யும் முன்னால் "ரெஃப்ரிஜரேட்டட் ஏசியா, கூலரா" என்று ஃபோனில் கேளுங்க. அங்கே எல்லாருக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். கோடையிலும் ராத்திரி குளிரும். அங்கே பல பழைய ரூமில் ஏசியே கிடையாது, அதைக் குறையாகச் சொல்லி ரீஃபண்ட் வாங்க முடியாது. கிங்மன் அதில் பாதி உயரம்கூட இல்லை. அங்கே ஏசி இல்லாத ரூமை ஜூலையில் ஒத்துக்காதீங்க.

#6 ராணித்தேனீ

வாடை பற்றி. ரூமுக்குள் போனதும் மூக்கை நம்பாதீங்க, முதலில் பி-டேக்கைப் போடுங்க. சிகரெட் வாடை தங்குவது திரைச்சீலையிலும் அந்த ஃபில்டரிலும்தான். சென்ட் அடித்து மறைத்திருந்தாலும் மெஷின் ஓடிய மூன்றாவது நிமிஷத்தில் உண்மை வெளியே வரும். குளோரின் மாதிரி மூக்கில் சுருக்கென்று ஏறும் வாடை என்றால் அது வாடையைப் போக்க ஓசோன் மெஷின் ஓட்டிய ரூம். கதவு ஜன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் காத்தாட விடாமல் உள்ளே படுக்காதீங்க, குழந்தைக்கோ ஆஸ்துமா உள்ளவருக்கோ அந்த ரூமே வேண்டாம்.

இதில் பணம் சம்பந்தப்பட்ட பொறி ஒன்று இருக்கு. புகை பிடித்ததாகச் சொல்லி 150 முதல் 250 டாலர் வரை அபராதம் போடும் வழக்கம் பரவலாக உண்டு. முந்தைய ஆள் பிடித்ததற்கு உங்கள் கார்டில் விழாமல் இருக்க, படுக்கை விரிப்பில் உள்ள சிகரெட் ஓட்டை, ஜன்னல் விளிம்புச் சாம்பல் எல்லாவற்றையும் உள்ளே நுழைந்த நிமிஷமே படம் எடுத்து, அப்போதே கவுன்டரில் காட்டிவிடுங்க. படத்தில் நேரம் பதிவாகியிருக்கும்.

#7 சாவிக்கொத்து

கதவு. டெட்போல்ட் (உள்ளிருந்து திருப்பிப் பூட்டும் தாழ்) முழுசாக வெளியே நீளுதா என்று கதவைத் திறந்து வைத்தே திருப்பிப் பாருங்க. மூடின கதவில் திருப்பினால் சட்டத்தில் இடித்து பாதியில் நிற்பது தெரியாது. பக்கத்து ரூமுக்குப் போகும் உள்கதவு இருந்தால் அதன் போல்ட்டையும் பாருங்க. தரைத்தளத்தில் பின்பக்கம் தள்ளும் ஜன்னல் இருந்தால் கொக்கி வேணும். சங்கிலியோ மடக்குக் கம்பியோ இருந்தால் அதன் திருகாணிகள் ஆடுதா என்று பாருங்க. உதைத்துப் பெயர்த்த தடம் தெரிந்தால் மேலே பேசாமல் வேறு ரூம் கேளுங்க.

கார்டு சாவி வேலை செய்யவில்லை என்றால் இரண்டு காரணம். காந்தப் பட்டைக் கார்டு ஃபோன் கவரின் காந்தத்தால் அழிந்திருக்கும், இது கவுன்டரில் ஒரு நிமிஷ வேலை. இல்லை, பூட்டின் பேட்டரி தீர்ந்திருக்கும். பல பூட்டுகளில் நாலு டபுள்-ஏ. கார்டு வைத்ததும் வழக்கமான விளக்குக்குப் பதில் மினுமினுப்பு வந்தால் பேட்டரிதான். ராத்திரியில் வெளியே மாட்டிக்கொள்வதற்கு முன் மாற்றச் சொல்லுங்க.

ராத்திரி ரூம் ஃபோனில் "ஃபிரண்ட் டெஸ்க்கிலிருந்து பேசறோம், கார்டு எண் மறுபடி வேணும்" என்று அழைப்பு வந்தால் கொடுக்காதீங்க. நடந்து போய்க் கேளுங்க. பழைய மோசடி அது, இன்னமும் நடக்குது.

#8 ராணித்தேனீ

மூட்டைப்பூச்சியை யாரும் தொடலை, நானே எழுதறேன்.

பார்க்கும் வரை பை பாத்டப்பில் இருக்கட்டும். வழுவழுப்பான தொட்டியில் அது ஏறாது. தலைமாட்டுப் பக்கம் விரிப்பின் இரண்டு மூலையையும் உருவி, மெத்தையின் ஓரத் தையலை ஃபோன் டார்ச்சில் விரலால் விரித்து விரித்துப் பாருங்க. தையலோரம், மெத்தை லேபிளுக்கு அடியில், கீழே மெத்தையைத் தாங்கும் பாக்ஸ் ஸ்பிரிங் என்ற அடிப்பெட்டியின் பிளாஸ்டிக் மூலைமூடிக்குள், தலைப்பலகைக்குப் பின்னால். இந்த நாலு இடத்தில் இல்லையென்றால் பெரும்பாலும் இல்லை. வளர்ந்தது சுமார் 5 மில்லிமீட்டர், செம்பழுப்பு, தட்டை. முட்டை வெள்ளை, ஒரு மில்லிமீட்டர். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் அதன் கழிவுப் புள்ளி காட்டிக்கொடுக்கும்: தையலோரம் வரிசையாகக் கறுப்புப் புள்ளி, ஈரத்துணியால் தேய்த்தால் துரு நிறத்தில் இழுபடும். சாதாரண அழுக்கு அப்படி இழுபடாது. தலைப்பலகை சுவரில் கொக்கிச் சட்டத்தில் தொங்கும், நல்ல கனம். கழற்றப் போகாதீங்க, இடுக்கில் டார்ச் அடித்தால் போதும்.

கண்டால் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்க. மாற்று ரூம் ஒத்துக்கொண்டால் இடது, வலது, நேர் மேல், நேர் கீழ், முதுகுக்கு முதுகான ரூம் எதுவும் வேண்டாம். சுவரின் ஓட்டை வழியே, குழாய் வழியே அது போய்விடும்.

#9 யாழ்_டொராண்டோ

ராணித்தேனீ சொன்னது சரி, ஆனால் மூட்டைப்பூச்சி கண்டால் ரூம் மாத்திறது வேண்டாம், அந்த இடத்தையே விட்டு வெளிக்கிடுங்கோ. மெத்தை ஓரத்தில தெரியிற அளவுக்கு வந்திட்டுது எண்டால் அது நேற்று வந்தது இல்லை. 80 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் வீட்டுக்குக் கொண்டு வந்தால் செலவு ஆயிரக்கணக்கில.

வீட்ட வந்ததும் உடுப்பைத் தோய்க்க முதல் டிரையரில போடுங்கோ, நல்ல சூட்டில 30 நிமிஷம். தண்ணி அதைக் கொல்லாது, சூடுதான் கொல்லும். 118 ஃபாரன்ஹீட்டில முட்டையும் சேர்ந்து சாக ஒண்டரை மணித்தியாலம், 122இல உடனே. காரை வெயிலில விட்டால் போதும் எண்டு சிலர் சொல்லுவினம். பைக்கு நடுவில இருக்கிற உடுப்புக்குள்ள அந்தச் சூடு போகாது, நம்பாதேங்கோ.

#10 பாதசாரி_பீனிக்ஸ்

@யாழ்_டொராண்டோ கிளம்புவது சரிதான், எந்த ஊரில் நிற்கிறோம் என்பதையும் பார்க்கணும். வில்லியம்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் 30 மைல் சொச்சம், அரை மணி நேரம். அங்கே தைரியமாகக் கிளம்பலாம் (ராத்திரியில் எல்க் மான் குறுக்கே வரும் சாலை, வேகம் வேண்டாம்). கிங்மனிலிருந்து கிழக்கே வில்லியம்ஸ் 110 மைலுக்கு மேல், நடுவில் செலிக்மன் ஒன்றுதான் சொல்லிக்கொள்ளும் ஊர். வின்ஸ்லோவிலிருந்து காலப் 120 மைலுக்கு மேல். அதனால் பூச்சி, பூட்டாத கதவு, கழிவுநீர் இந்த மூன்றுக்கும்தான் "எந்த ஊரானாலும் கிளம்பு". வாடை, ஏசி, சத்தம் இதெல்லாம் ரூம் மாற்றினால் தீரும். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அடுத்த ரூமை ஃபோனில் உறுதி செய்துவிட்டு நகருங்க.

#11 சீனியர்_சிட்டிபாபு

இவ்வளவு எதற்கு? 60 டாலருக்கு என்ன கிடைக்குமோ அதுதான் கிடைக்கும். மோட்டல் 6 ஆரம்பித்த 1962இல் ஆறு டாலருக்குக் கட்டிலும் குளியலறையும் தவிர ஒன்றும் தரவில்லை, மக்கள் சந்தோஷமாகத் தங்கினார்கள். பழைய கார்ப்பெட், தேய்ந்த டவல், மட்டமான காபி இதற்கெல்லாம் புகார் எழுதுவது அநியாயம்.

#12 ராணித்தேனீ

தேய்ந்த டவலுக்கு யாரும் ரீஃபண்ட் கேட்கலை சார். மலிவு வேறு, அசுத்தம் வேறு. பூட்டு ஆறு டாலர் ரூமிலும் பூட்டணும்.

#13 இரவுக்கணக்கு

சிட்டிபாபு சார் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கு. டவல் முதல் தலைகாணி வரை பத்துக் குறை அடுக்கினால் உண்மையான ஒரு குறை அதில் மூழ்கிவிடும். ஒன்றை மட்டும் சொல்லுங்க.

பெயர்ப்பலகை பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கு. பெரிய மோட்டல் சங்கிலி நிறுவனத்தின் பலகை தொங்கினாலும் கட்டடம் பெரும்பாலும் தனி உரிமையாளருடையது, பெயருக்குக் கட்டணம் கட்டி நடத்துகிறார். தலைமை அலுவலகத்துக்குப் புகார் போட்டால் அது அதே மோட்டலுக்குத்தான் திரும்பி வரும். ஆனாலும் வீண் இல்லை. புகார் கணக்கில் ஏறும், குறிப்பிட்ட நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் உரிமையாளருக்குத்தான் சிக்கல்.

இந்த உரிமையாளர்களில் பெரும்பகுதி இந்திய வம்சாவளி, அதிலும் குஜராத்திகள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அவர்கள் சேர்ந்து 1989இல் தொடங்கிய சங்கத்தில் இன்று கிட்டத்தட்ட 20,000 உறுப்பினர்கள். "நம்ம ஊர்க்காரர், பேசினால் குறைப்பார்" என்று கணக்குப் போடாதீங்க. கணக்குப் போட வேண்டியது இது: குடும்பம் மோட்டலிலேயே குடியிருந்தால், முடிவெடுக்கும் ஆள் பின் ரூமில் இருக்கிறார். மரியாதையாக "உரிமையாளரிடம் ஒரு நிமிஷம் பேசலாமா" என்று கேட்டால் ராத்திரி பத்து மணிக்கும் ரீஃபண்ட் முடிவாகும். சம்பள ஊழியர் மட்டும் இருக்கும் பெரிய சங்கிலியில் அது நடக்காது.

#14 கோவைக்காரி

ரிசர்வேஷனே இல்லை என்று சொன்னால்? கன்ஃபர்மேஷன் நம்பர் கையில் இருக்கும்போதே சொல்றாங்களே.

#15 இரவுக்கணக்கு

உங்கள் கையில் இருப்பது தளத்தின் நம்பர். மோட்டலின் கணினியில் இருப்பது வேறு நம்பர். மெயிலில் இரண்டும் இருக்கும், இரண்டாவதைக் காட்டுங்க. அது இல்லையென்றால் தளத்திலிருந்து மோட்டலுக்குத் தகவலே போகாமல் இருக்கலாம், சின்ன இடங்களில் இது நடக்கும். புக் செய்த மறுநாள் மோட்டலுக்கு நேராக ஃபோன் போட்டு "என் பெயரில் இருக்கா, எத்தனை கட்டில், கடைசி எத்தனை மணி வரை ஆள் இருப்பாங்க" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. இரண்டு கட்டில் என்று தளத்தில் டிக் செய்தது பல நேரம் வெறும் வேண்டுகோள்தான், உறுதி இல்லை.

ரூம் எல்லாம் நிரம்பிவிட்டது என்று உங்களை வேறு இடத்துக்கு அனுப்பினால், முதல் ராத்திரிச் செலவையும் வித்தியாசத் தொகையையும் அவர்களே ஏற்கணும் என்று கேளுங்க. பெரிய சங்கிலிகளில் அப்படிக் கொள்கை உண்டு. விமானத்தில் இடம் மறுத்தால் இழப்பீடு தரச் சொல்லும் மாதிரி மத்தியச் சட்டம் மோட்டலுக்கு இல்லை. ஆக எதுவும் எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீங்க.

நள்ளிரவு தாண்டி வருபவர்களுக்கு: விடிகாலை 2 மணிக்குச் செக்-இன் என்றால் முந்தின தேதிக்குப் புக் செய்யணும். 2, 3 மணி வாக்கில் அன்றைய கணக்கை மூடுவோம். அதுவரை வராதவர் "வரவில்லை" என்று பதிவாகி ஒரு ராத்திரிக் காசு போகும். மூன்று ராத்திரி புக்கிங் என்றால் மீதி இரண்டும் தானாகவே ரத்தாகலாம். "தாமதமாக வருவோம், விட்டுவிடாதீங்க" என்று ஒரே ஒரு ஃபோன் போதும்.

#16 சாவிக்கொத்து

நேரம் என்றதும் இதையும் சேர்த்துக்கோங்க. அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளாது, அதற்குள் இருக்கும் நவஹோ பழங்குடி நிலப்பகுதி தள்ளும். பேஜ் ஊரிலிருந்து கயென்டா, மானுமென்ட் வேலி பக்கம் கோடையில் போனால் ஒரு மணி நேரம் போய்விடும். ஃபோன் 9:30 காட்டும்போது கயென்டாவில் 10:30. பத்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டும் சின்ன மோட்டலில் அது முழு வித்தியாசம். பேஜிலேயே ஃபோன் அந்தக் கோபுரம் இந்தக் கோபுரம் என்று மாறி மாறி இரண்டு நேரம் காட்டும். தானியங்கி நேரத்தை அணைத்து வைப்பது நல்லது.

#17 யாழ்_டொராண்டோ

அம்மா அப்பாவை ஊரில இருந்து கூட்டிக்கொண்டு வந்து தனி ரூம் போடுற ஆட்களுக்கு: செக்-இன் செய்யிற ஆளின்ர பெயரிலதான் கிரெடிட் கார்டும் இருக்க வேணும். பாஸ்போர்ட்டை மட்டும் காட்டினால் சாவி குடுக்க மாட்டினம். இரண்டு ரூமையும் உங்கட பெயரில போட்டு நீங்களே செக்-இன் செய்யிறது சுகம். நீங்கள் கூடப் போகாட்டில், மூன்றாம் ஆள் கார்டுக்கான சம்மதப் படிவத்தை இரண்டு மூன்று நாள் முன்னமே மோட்டலுக்கு அனுப்பி, வந்து சேர்ந்ததோ எண்டு கதைச்சு உறுதிப்படுத்துங்கோ. மாணவர்களுக்கு வேற பிரச்சினை, பல இடத்தில 21 வயசு வேணும். அதே ஊர் முகவரி உள்ள லைசென்ஸைக் காட்டினால் தர மறுக்கிற மோட்டலும் இருக்கு. முதலே கேளுங்கோ.

#18 பாதசாரி_பீனிக்ஸ்

சத்தம். ரூட் 66 மோட்டல்கள் பலவும் பிஎன்எஸ்எஃப் கம்பெனியின் சரக்கு ரயில் பாதையை ஒட்டித்தான் இருக்கு, ராத்திரி முழுக்க வண்டி போகும். சாலை கடக்கும் இடத்தில் 15 முதல் 20 விநாடி முன்னாலிருந்தே ஹாரன் அடிக்கணும் என்பது விதி. ஃபிளாக்ஸ்டாஃப் மாதிரி அமைதி மண்டலம் வாங்கிய ஊரில் ஹாரன் குறைவு, மற்ற இடங்களில் காதுக்குள் அடிக்கும். வந்த பிறகு இதற்கு ரீஃபண்ட் கிடைக்காது. புக் செய்யும்போதே மேப்பில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டுத் தண்டவாளம் எங்கே, கிராஸிங் எங்கே என்று பாருங்க. ரூம் கேட்கும்போது மேல் மாடி, தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம், ஐஸ் மெஷினுக்கும் மாடிப்படிக்கும் தள்ளி.

#19 கணக்குப்பிள்ளை_டல்லஸ்

பணத்தைத் திரும்ப வாங்கும் பகுதி எனக்கு விட்டது போலிருக்கு.

கார்டு தகராறு, அதாவது கார்டு பில்லில் ஏறிய தொகையை வங்கியிடம் மறுப்பது, 1974ஆம் வருஷச் சட்டம் கொடுத்த உரிமை. அந்தத் தொகை இருக்கும் முதல் பில்லை அனுப்பியதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் போடணும். வங்கி 30 நாளுக்குள் கிடைத்ததை ஒப்புக்கொள்ளணும், இரண்டு பில் சுழற்சிக்குள், அதிகபட்சம் 90 நாளில் முடிக்கணும். இது கிரெடிட் கார்டுக்கு. டெபிட் கார்டுக்கு இதே பாதுகாப்பு கிடையாது, அதனாலேயே மோட்டலில் டெபிட்டை நீட்டாதீங்க.

தகராறில் "ரூம் பிடிக்கவில்லை" என்று எழுதினால் தோற்பது உறுதி. "ஒப்புக்கொண்டபடி சேவை தரப்படவில்லை: புகை பிடிக்காத ரூம் விற்கப்பட்டது, புகை ரூம் தரப்பட்டது. 9:40க்குச் சாவி வாங்கி 9:55க்குத் திருப்பிக் கொடுத்தோம்" என்று எழுதணும். மோட்டல் தரப்பு நீங்கள் கையெழுத்துப் போட்ட பதிவு அட்டையைக் காட்டும். அதற்கு எதிராக உங்களுக்கு உதவுவது எலெக்ட்ரானிக் பூட்டின் பதிவு. எந்தக் கார்டு எத்தனை மணிக்குத் திறந்தது என்று பூட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். "பூட்டுப் பதிவைப் பாருங்க, 9:52க்குப் பிறகு அந்தக் கதவு திறக்கப்படவில்லை" என்ற ஒரு வரியைச் சேர்த்தால் "தங்கினார்" என்று சொல்வது எளிதல்ல. கூடவே படங்கள், தளத்தோடு நடந்த சாட், அன்றைக்கே வேறு இடத்தில் தங்கிய பில். ராத்திரி முழுக்கத் தங்கிவிட்டு முழுப் பணம் கேட்டால் கிடைக்காது. அப்போது பாதி கேளுங்க.

மோட்டலோடு முதலில் பேசி முடியாமல் போனதற்கு ஆதாரம் இருக்கணும், அதை மறக்காதீங்க. வங்கி முதலில் கேட்பது அதைத்தான்.

கவுன்டரில் திடீரென்று முளைக்கும் கட்டணம்: 2025 மே 12 முதல் எஃப்டிசி (மத்திய வர்த்தக ஆணையம்) விதிப்படி, கட்டாயக் கட்டணம் எதுவானாலும் முதலில் காட்டும் மொத்த விலையிலேயே சேர்ந்திருக்கணும். அரசு வரி மட்டும் தனியாக வரலாம். ரூமில் உள்ள லாக்கர் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் போட்டிருந்தால், அது வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவாங்க.

#20 கோவைக்காரி

நன்றிங்க. கடைசியாக ஒண்ணு: செக்-இன் நேரத்தில் 100 டாலர் டெபாசிட் பிடிக்கிறாங்களே, அது எத்தனை நாளில் திரும்பும்? ரொக்கமாகக் கொடுத்தால் சீக்கிரம் வருமா?

#21 கணக்குப்பிள்ளை_டல்லஸ்

ரொக்கம் வேண்டாம். அதைத் திருப்பித் தர யாராவது வந்து ரூமைப் பார்த்துக் கையெழுத்துப் போடணும், அலுவலகம் திறப்பது காலை 7, 8 மணிக்கு. சூரிய உதயம் பார்க்க 4 மணிக்குக் கிளம்பினால் உங்கள் நூறு டாலர் அங்கேயே நிற்கும். கிரெடிட் கார்டில் அது தொகையை நிறுத்தி வைக்கும் வெறும் பிடித்தம்தான், பணம் போகாது, சில நாளில் தானாக நீங்கிவிடும். டெபிட்டில் உங்கள் சொந்தப் பணம் முடங்கும், விடுவிக்க வங்கியைப் பொறுத்து ஒரு வாரம் பத்து நாள்கூட ஆகும். செக்-அவுட்டில் "பிடித்தத்தை விடுவித்துவிட்டீங்களா" என்று கேட்டு, இறுதி பில்லை மெயிலில் வாங்கிக்கோங்க. பத்து நாள் தாண்டியும் நின்றால் வங்கியைக் கூப்பிடுங்க. அவர்கள் மோட்டலோடு மூன்று பேர் அழைப்பு போட்டு ஒப்புதல் எண்ணைச் சொல்லிப் பிடித்தத்தை எடுக்க வைப்பாங்க.

#22 பேட்டைமெக்கானிக்

தலைப்புக்கு வெளியே ஒன்று, ஆனால் நம்ம ஆட்களுக்கு வேணும்: ரைஸ் குக்கரையும் மைக்ரோவேவையும் ஒரே சுவரில் ஒரே நேரத்தில் போடாதீங்க. 15 ஆம்ப் லைன் தாங்குவது 1,800 வாட். மைக்ரோவேவ் இழுப்பது 1,000 முதல் 1,500, குக்கர் 500க்கு மேல். பிரேக்கர் விழுந்தால் அதன் பெட்டி பூட்டிய அறையில் இருக்கும், பூட்டைத் திறக்க ஆள் காலையில்தான் வருவார். ஃபிரிட்ஜில் உள்ள தயிரும் போச்சு.